காசு போட்டு இறக்கிய விமானம்

1987-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் காசு போட்டு ஆடும் விமான விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் ‘மிட்நைட் லேண்டிங்’. சுடுவதற்கு எதிரி கிடையாது. விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்க வேண்டும், அவ்வளவுதான். ஏன் நள்ளிரவு? இருட்டில் ஓடுதள விளக்குகள் மட்டும்தானே தெரியும்! ஒளிப்புள்ளிகளை வரைந்தாலே காட்சி வந்துவிடும்.

அடுத்த ஆண்டு ‘டாப் லேண்டிங்’ வந்தது. அதில் நிலமும் கட்டடமும் பாலிகன்கள், அதாவது நேர்கோட்டு ஓரங்கள் கொண்ட வண்ணத் துண்டுகள். விமானம் நகர நகர, ஒவ்வொரு துண்டின் மூலைகளும் திரையில் எங்கே விழும் என்று இயந்திரம் கணக்கிட்டு, நடுவில் வண்ணம் நிரப்பும். பேரன் அதைக் கைபேசியில் காட்டியபோது, “அட்டைப் பொம்மை ஊர்” என்று சிரித்தேன்.

அந்த விளையாட்டு வந்தபோது எங்கள் சேலத்துக்குப் பயணிகள் விமான நிலையமே இல்லை. காமலாபுரத்தில் 1993-ல்தான் வந்தது. அங்கும் சேவை வருவதும் நிற்பதுமாக இருந்து, 2018 மார்ச் 25-ல் சென்னை விமானம் மீண்டும் வந்தது. அந்த ஆண்டு நானும் ஏறினேன், வாழ்க்கையில் முதல்முறையாக. ஓமலூர்ப் பக்கம் தாழ இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். வரப்பு கட்டிய காடுகழனி எல்லாம் வண்ணத் துண்டுகளாகவே தெரிந்தன.

பேரனிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.