ராடாரும் கொழும்பு வானமும்

1942 ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொழும்புத் துறைமுகத்தின் மீது நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திரண்டு வந்தன. பகைக் கப்பற்படை நெருங்குவதைக் கனேடிய விமானி பேர்ச்சால் முந்திய நாளே கண்டு அறிவித்திருந்தார். நகரில் ராடார் நிலையமொன்றும் நிறுவப்பட்டிருந்தது. எனினும் இரத்மலானையிலிருந்த போர்விமானங்கள், பகைவர் தலைக்கு மேல் வந்த பின்னரே மேலெழ நேர்ந்தது. ‘ஹெக்டர்’, ‘டெனடொஸ்’ ஆகிய கப்பல்கள் தாக்குண்டு மூழ்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையில் ராடார் உரிய வேளையில் எச்சரித்தது. அங்கும் அழிவு பெரிதே. ஆயினும் கொழும்பில் நேர்ந்த திகைப்பு நேரவில்லை. கருவி இருந்தமை வேறு, கண்டமை வேறு.

ராடார் அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. தாழப் பறக்கும் பொருளைப் புவியின் வளைவும் மலையும் மறைத்துவிடும். அப்பொருள் சிறியதாயும் மெதுவாயும் இருப்பின், பறவையெனக் கொண்டு விலக்கப்படவுங்கூடும். 2022 மார்ச் 10இல் ஆளில்லா விமானமொன்று உக்ரேனிலிருந்து உருமேனியா, அங்கேரி ஆகியவற்றைக் கடந்து குரோவாசியாவின் சாகிரெப் நகரில் வீழ்ந்தது. மூன்றும் நேட்டோ நாடுகள். வழியில் எவரும் தடுத்திலர்.

கொழும்புக்கு இது புதிதன்று. 2007 மார்ச் 26 நள்ளிரவின் பின், விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் வன்னியிலிருந்து வந்து கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்திற் குண்டு வீசித் திரும்பின. 2009 பெப்ரவரி 20இல் அவற்றின் வருகை முன்னரே அறியப்பட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டன, பீரங்கிகள் முழங்கின. ஒன்று கட்டுநாயக்காவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. மற்றையது, காணப்பட்ட பின்னரும், நகர நடுவே உண்ணாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிற்று.