பொட்டலமும் களஞ்சியமும்



1970களில் மலாக்கா பத்து பெரண்டாமில் தடையற்ற வாணிப வட்டாரம் எழுந்தது. நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஆலைப் பேருந்தில் ஏறி, மின்னணுச் சில்லுகளை இணைக்கப் போனார்கள். கணினியின் உறுப்புகள் நம் கைகளுக்குப் பழக்கமானவை. அதனுள் ஓடும் மென்பொருளையும் நாம் அறிந்துகொள்ள வேண்டாமா?

வீட்டிலுள்ள பழைய கணினியில் விலை கொடுக்காமல் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அதன்பின் பிள்ளைகளுக்கு வேண்டிய மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, எப்படிப் புதுப்பிப்பது என்பதே கேள்வி. அதற்கு வரலாறு விடை சொல்கிறது.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அக்காலத்தில் மென்பொருளின் மூலநிரலை எடுத்து, அவரவரே தம் கணினிக்கு ஏற்ப ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்று ஓட மற்றொன்று வேண்டும். அதற்கு வேறொன்று வேண்டும். கறி சமைக்க மசாலைக்கு ஒரு கடை, தேங்காய்க்கு ஒரு கடை என்று அலைந்த கதைதான்.

1993இல் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். டெபியன் 1994இலும், ரெட் ஹேட் 1995இலும் மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டித் தரும் முறைகளைக் கொண்டுவந்தன. உடன் தேவைப்படுபவை எவை என்ற குறிப்பும் பொட்டலத்தில் இருந்தது. ஆனால் அவற்றைத் தேடிக் கொண்டுவரும் வேலை நம் தலையில்தான் இருந்தது.

1999 மார்ச்சில் டெபியன் 2.1 பதிப்போடு வந்த 'ஏப்ட்' அந்தச் சுமையை இறக்கியது. ஒரு பெயரைச் சொன்னால் போதும். தேவையான அனைத்தையும் அது களஞ்சியத்திலிருந்து தானே கொண்டுவரும். இன்று, வருவது அசல்தானா என்று மின்கையொப்பத்தையும் சரிபார்க்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் டெபியன் அடித்தளத்தில் எழுந்ததே.

2016 முதல் 'ஸ்னாப்', 'பிளாட்பேக்' என்பவை பரவின. இவை தேவைப்படுபவற்றில் பெரும்பகுதியைத் தம்மோடு சேர்த்தே கொண்டுவருவதால் பலவகை லினக்ஸிலும் ஓடும். புதிய பதிப்பும் விரைவில் கிடைக்கும். ஆனால் இவை அதிக இடம் பிடிக்கும். அளவான இணையத் தரவு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சுமைதான்.

ஆகவே நாம் சொல்லும் வரிசை இது. முதலில், உங்கள் லினக்ஸின் சொந்தக் களஞ்சியம். அங்கே இல்லாவிட்டால், வெளியிட்டவர் யாரென்று பார்த்துப் பிளாட்பேக் அல்லது ஸ்னாப். முன்பின் அறியாத தளத்துக் கோப்பைத் தொடாதீர்கள். அதில் குறை இருந்தால் திருத்தித் தர ஆளில்லை. பிள்ளையின் பாடங்களும் வீட்டாரின் கடவுச்சொற்களும் ஆபத்துக்கு உள்ளாகலாம்.

இன்னொன்று. 'ஏப்ட் அப்டேட்' என்ற கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். 'ஏப்ட் அப்கிரேட்' கொடுத்தால்தான் திருத்தங்கள் கணினிக்குள் வரும். பெரட்டில் பேர் கொடுத்தவுடன் மரம் சீவியதாகிவிடுமா?

வாரம் ஒருமுறை இரண்டையும் செய்யுங்கள். உங்கள் பதிப்புக்கு எத்தனை ஆண்டு ஆதரவு என்பதையும் கேட்டு வையுங்கள். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்குப் பொதுவாக 5 ஆண்டுகள். அது முடியுமுன், பிள்ளைகளின் பாடங்களைப் படியெடுத்து வைத்துவிட்டு, அடுத்த பதிப்புக்கு மாறிவிடுங்கள்.