பற்றரியும் பாதையும்

1958 ஒக்டோபர் 8ஆம் திகதி சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா வைத்தியசாலையில், ஆர்ன லார்சன் என்பவரின் உடலுக்குள் உலகின் முதலாவது பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அதனை ஆக்கியவர் பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்தியவர் சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங். சில மணி நேரத்திலேயே அக்கருவி ஓய்ந்துபோனது. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டு, 2001இல் 86ஆவது வயதிலேயே லார்சன் காலமானார்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்சமிக்ஞை தடைப்பட்டால் நாடி தளரும், மயக்கம் வரும். அக்குறையைச் சிறு மின்தூண்டலால் நிரப்புவதே பேஸ்மேக்கர். அதன் உயிர் பற்றரியில் இருக்கிறது. 1970களில் லித்தியம் பற்றரி வந்த பின்னரே கருவியின் ஆயுள் நீண்டது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வன்னியே நினைவில் எழுகிறது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். எஞ்சியிருந்த தமிழ் மக்கள் மீது பொருளாதாரத் தடை இறுகியது. சாதாரண டோர்ச் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டார்கள். 2002 யுத்தநிறுத்தத்தோடு தடை தளர்ந்து ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது.

பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு ஆயுள் முழுதும் பரிசோதனை வேண்டும். பற்றரி தீர்ந்தால் கருவியை மாற்றவேண்டும். பாஸ் இன்றி வவுனியாவைத் தாண்ட இயலாத காலத்தில் பாதையும் ஒரு மருந்துதான்.

ஷெல்லில் மாண்டோரைக் கணக்கெடுக்கிறோம். நாடி தளர்ந்து, பாதையின்றி மரித்தோரை யார் எண்ணுவது? அகதிக் கொட்டில்களில் நாம் அடக்கிய மையித்துகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். ஊர்வரலாறு எழுதும் நம்மவர்கள் இரு தரப்பு இழப்பையும் ஒரே ஏட்டில் பதியவேண்டும்.