வருவாய் ஈட்டா விளையாட்டுகள் (அமெரிக்கக் கல்லூரிகள்)

நுழைவுச்சீட்டு விற்பனையாலோ தொலைக்காட்சி உரிமத்தாலோ தம் செலவை ஈடுகட்ட இயலாத நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ், துடுப்புப் படகு போன்ற கல்லூரி விளையாட்டுகள். அமெரிக்கக் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் இதில் சேரா. அந்நாட்டு ஒலிம்பிக் வீரர்களில் பலர் இந்த அணிகளில் வளர்ந்தவர்களே.

இப்பெயர் பெரிய பல்கலைக்கழகங்களுக்குத்தான் பொருந்தும். 1973இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வகுத்த மூன்று பிரிவுகளில், சிறு கல்லூரிகள் நிறைந்த மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. அங்கே புதிதாக ஒரு மல்யுத்த அணி தொடங்கினால், அதில் சேர வரும் ஒவ்வொருவரும் கட்டணம் கட்டும் மாணவர். ஆள் குறையும் வகுப்பறையை நிரப்புபவரும் அவரே.

பெரிய இடங்களில் நிலைமை வேறு. ஸ்டான்ஃபோர்டு 2020இல் 11 விளையாட்டுகளைக் கைவிடுவதாக அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2021இல் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாக வழங்கலாம். அதில் பெரும்பகுதி கால்பந்துக்கே போவதால் மற்ற அணிகளின் கையிருப்பு சுருங்குகிறது.

மாணவரை ஈர்க்கும் அணிகள் இருந்தும் எல்லாச் சிறு கல்லூரிகளும் தப்பிவிடவில்லை. அலபாமாவின் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி பண நெருக்கடியால் 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் மூன்றாம் பிரிவு உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது. ஜூன் 2 அன்று, இல்லாத கல்லூரியின் சட்டையோடு, 11–10 எனக் கடைசிப் பந்தில் தோற்று வெளியேறியது.