ஒரே ஊர், இரண்டு விமான நிலையம்: நடுவில் யார் நடப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம்மிடம் படித்து இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன் செய்தான். "சார், சென்னையில ஏறினா நவி மும்பையில இறக்கி விடுறாங்க. அடுத்த ஃபிளைட் மும்பை பழைய ஏர்போர்ட்டுல. ரெண்டும் மும்பைதானே, நாலு மணி நேரம் இருக்கு, போதுமா?" என்றான். போதாது என்றேன். நவி மும்பை விமான நிலையம் 2025 அக்டோபர் 8-இல் திறக்கப்பட்டு, டிசம்பர் 25 முதல் விமானங்கள் ஓடுகின்றன. பழைய நிலையத்துக்கும் அதற்கும் சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் மெட்ரோ இன்னும் திட்டத்தில்தான் இருக்கிறது. அவனிடம் இருந்தவை தனித்தனி டிக்கெட்டுகள். பெட்டியை அங்கே வாங்கி, வெளியே வந்து, டாக்சி பிடித்து, இங்கே மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரர் பொறுப்பேற்க மாட்டார். வேறு டிக்கெட்டாக மாற்றிக்கொண்டான்.

அவனுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, இது நமக்குப் புதிய சங்கடமே இல்லையே என்று தோன்றியது. பள்ளிப்பட்டிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ ரயிலில் போனவர்கள் எல்லாரும் இதை அனுபவித்தவர்கள்தானே? திருத்தணி வரை பஸ், அங்கிருந்து சென்ட்ரலுக்கு ரயில். சென்ட்ரலில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எழும்பூருக்கு ஓட்டம். நடுவில் இருப்பது ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 2 கிலோமீட்டரைக் கடப்பது அவரவர் பாடு.

ஏன் இப்படி இரண்டு? சென்ட்ரலைக் கட்டியது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயிலை விட்டவர்கள் அவர்கள். 1873-இல் சென்ட்ரல் வந்தது. அவர்களுடையது அகலப்பாதை, 5 அடி 6 அங்குலம். தெற்கே போனது சவுத் இந்தியன் ரயில்வே என்ற வேறு கம்பெனி. 1870-இல் வைஸ்ராய் மேயோ காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர் பாதை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தெற்கத்திக் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. 1908 ஜூனில் எழும்பூர் நிலையத்தைத் திறந்தது. வரைந்தவர் ஹென்றி இர்வின். (அந்த நிலையத்துக்கு எதிரே உள்ள காந்தி இர்வின் சாலையின் இர்வின் வேறு. அவர் வைஸ்ராய், 1931 ஒப்பந்தக்காரர். வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் இதைத் தப்பாக எழுதுவீர்கள்!)

ஆக, இரண்டு கம்பெனி, இரண்டு அளவுப் பாதை, இரண்டு நிலையம். ஒரு பாதையின் பெட்டி மற்றதில் உருளாது. கம்பெனிகள் இரண்டும் தங்கள் தங்கள் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டன. நடுவில் நிற்கும் பயணி எந்தக் கணக்கிலும் வரவில்லை. 1951 ஏப்ரல் 14-இல் எல்லாம் சேர்ந்து ஒரே தெற்கு ரயில்வே ஆன பிறகும் நிலைமை மாறவில்லை. சென்னையில் மீட்டர் பாதை மின்சார ரயில் கடைசியாக நின்றது 2004-இல். சென்ட்ரலையும் எழும்பூரையும் நேராக இணைக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2018 மே 25-இல். எழும்பூர் திறந்த நாளிலிருந்து எண்ணினால் 110 வருஷம்.

அதுவரை பலருக்கு ஆட்டோக்காரர்களும் போர்ட்டர்களும் தங்கள் கால்களும்தான் இணைப்பு. தஞ்சாவூர் சுற்றுலாவுக்கு நாம் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். நாற்பது பிள்ளைகள், இரண்டு பேர் இரண்டு பேராகக் கை கோத்து, ரிப்பன் கட்டடத்தைத் தாண்டி எழும்பூர் வரை நடந்தோம். எண்ணி எண்ணி எனக்குத் தொண்டை வறண்டது. உங்களுக்கு அது சுற்றுலாவிலேயே நல்ல பகுதியாக இருந்ததாம், பின்னாளில் சொன்னீர்கள்!

சரி, விமானத்துக்கு வருவோம். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் என்று இரண்டு பெரிய நிலையங்கள். இடையில் சாலை வழியே 60 கிலோமீட்டருக்கு மேல். 1978-இல் இரண்டுக்கும் நடுவே பயணிகளை ஏற்றிச் செல்ல ஹெலிகாப்டரே விட்டார்கள். கால் மணி நேரப் பயணம். கீழே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் எதிர்த்தார்கள். எம்25 சுற்றுச்சாலையின் அந்தப் பகுதி திறந்ததும் 1986-இல் அது நிறுத்தப்பட்டது. இன்றும் அந்த வழியில் நிலையம் மாறுகிற நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள் என்றால் அந்த நாட்டுக்குள்ளே நுழைகிறீர்கள் என்று பொருள். விமானம் மாறத்தானே போகிறோம் என்று விசா இல்லாமல் போய் நிற்கக் கூடாது.

மனதை அதிகம் உறுத்துவது கனடாவின் மொன்றியல் கதை. அங்கே டோர்வால் என்று ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் பெருகும் என்று கணக்குப் போட்டு, வடக்கே வெகு தொலைவில் மிராபெல் என்ற இடத்தில் இன்னொன்று கட்ட முடிவெடுத்தார்கள். 1969-இல் சுமார் 97 ஆயிரம் ஏக்கர் நிலம் எடுத்தார்கள். பெரும்பாலும் விவசாய பூமி. ஆயிரக்கணக்கானவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டை விட்டு வெளியேறினார்கள். 1975 அக்டோபரில் மிராபெல் திறந்தது.

வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் மிராபெலுக்கு, உள்நாட்டு விமானங்களும் அமெரிக்க விமானங்களும் டோர்வாலுக்கு என்று பிரித்தார்கள். பாரிஸிலிருந்து வந்து இறங்குகிறவர் கனடாவின் வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறி டோர்வாலுக்கு வர வேண்டும். வேகமான ரயில் போடுவதாகச் சொன்னார்கள், போடவேயில்லை. நேராக வர வேண்டிய நெடுஞ்சாலை ஒன்றும் பாதியில் நின்றது. பயணிகள் என்ன செய்வார்கள்? டொராண்டோ வழியாகப் போனால் ஒரே கூரையின் கீழ் மாறிக்கொள்ளலாமே! விமான கம்பெனிகளும் அங்கே நகர்ந்தன. 1997-இல் வெளிநாட்டு விமானங்கள் டோர்வாலுக்கே திரும்பத் தொடங்கின. 2004 அக்டோபரில் கடைசிப் பயணி விமானமும் மிராபெலை விட்டுப் போனது. 2014-இல் அந்த முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை 1980-களிலேயே விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. வெட்டிய தோப்பையும் இடித்த வீட்டையும் யார் கொடுப்பது?

வேடிக்கை ஒன்று. மிராபெலைக் கட்டியது பிரதமர் பியர் ட்ரூடோ அரசு. அவர் பெயரைப் பிற்பாடு எதற்கு வைத்தார்கள் தெரியுமா? டோர்வாலுக்கு!

1983 கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பா வழியாக மொன்றியலுக்கு விமானத்தில் வந்த ஈழத்தமிழர்கள் முதலில் கால் வைத்தது இந்த மிராபெலில்தான். அந்தக் கட்டடம் இன்று இல்லை என்பது அவர்களில் பலருக்கு என்னவோ போல்தான் இருக்கும்.

ஜப்பானிலும் இதே போல. டோக்கியோவில் ஹனேடா போதவில்லை என்று 1966-இல் நரிட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். விவசாயிகளைக் கலந்து பேசவில்லை. வருஷக்கணக்கில் போராட்டம். இரண்டு பக்கமும் உயிர்ச்சேதம். 1978 மார்ச்சில் திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னால் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைத்தார்கள். மே 20-இல்தான் திறக்க முடிந்தது. ஆனால் நரிட்டா மிராபெல் போல அழியவில்லை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பஸ்ஸும் ரயிலும் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியும். 2010-இல் ஹனேடாவிலும் வெளிநாட்டு விமானங்களுக்குப் புதிய முனையம் திறந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குக் கடைசிப் பரிசீலனையில் இருந்தவை இரண்டு இடங்கள். ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூர், மற்றது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர். 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் தேவை. ஏரிகளும் நஞ்சையும் கம்பன் கால்வாயும் அதற்குள் வருகின்றன. ஏகனாபுரம் மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எதிர்த்து வந்திருக்கிறார்கள். பன்னூர் தேர்வாகியிருந்தால் அந்தப் பந்தலில் நம் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் "வளர்ச்சிக்குத் தடை" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு மீனம்பாக்கத்தைவிடப் பரந்தூர் கிட்டம்தான், அதையும் மறுக்கவில்லை.

மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஏற்பாடு? பூந்தமல்லி மெட்ரோவைப் பரந்தூர் வரை நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது, நல்லது. ஆனால் வரைபடத்தை வைத்துக்கொண்டு விரலால் போய்ப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் ஏறுகிறவர் ஆலந்தூரில் ஒரு தடவை மாற வேண்டும், வடபழனியில் இன்னொரு தடவை மாற வேண்டும், பிறகு பூந்தமல்லி, அதற்கப்புறம் பரந்தூர். ஒரு கையில் 23 கிலோ பெட்டி, ஒரு கையில் குழந்தை, கூட மூட்டுவலிக்கார அம்மா. நிலத்தைக் கேட்கும்போதே இந்த இணைப்பையும் எந்த வருஷம் முடியும் என்று எழுதிக் கேட்க வேண்டியது நாம்தான். விமானம் ஏறப் போவது நம் பிள்ளைகள்.

மொன்றியல், டோக்கியோ, லண்டன் பக்கம் இருக்கும் பிள்ளைகள் நிலையம் மாறிய அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எவ்வளவு செலவாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவர்களுக்கு உதவும்.