குடத்துக்குள் போன தண்ணீர்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவில், ஆரக்கால்கள் எல்லாம் வந்து சேரும் உருண்டைக் கட்டைக்குக் குடம் என்று பெயர். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அதையே 'முவாயூ' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அரசு வேலையில் சேர்ந்த பிறகு ஜீப் டிரைவர்கள் 'ஹப்' என்றார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச காலம் ஆனது. ஜீப்பின் முன்சக்கரக் குடத்துக்குள் தண்ணீர் போகாமல் காப்பது எப்படி என்பதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் என் கையெழுத்துப் போட்ட ஒரு தவறும் இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன்.

மாட்டுவண்டிக்கு இந்தக் கவலை கிடையாது. வண்டி ஆற்றில் இறங்கும், ஏறும். வண்டி மை கரைந்துபோனால் மறுபடி தடவிக்கொள்வார்கள். பழைய மோட்டார் கார்களிலும் முன்சக்கரம் சும்மா உருள்வதுதான். என்ஜினின் விசை பின்சக்கரத்துக்கு மட்டும் போகும். நாலு சக்கரத்துக்கும் விசை கொடுக்கலாம் என்று வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும், அதே சமயம் ஒரு தண்டு அதைச் சுழற்றவும் வேண்டும். சாதாரண இணைப்பை, பிரெஞ்சில் 'கார்தான்' என்பார்கள், அங்கே போட்டால் சக்கரம் திரும்பியிருக்கும்போது ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும், ஸ்டியரிங் கையில் உதறும்.

இதற்கு வழி கண்டவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் உண்டு: ழான் ஆல்பெர் கிரெகுவார், பியேர் ஃபெனாய். 1926-இல் 'திராக்தா' என்ற இணைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதைப் பொருத்திய சொந்தக் காரை கிரெகுவார் 1927-இல் லெ மான் பந்தயத்திலேயே ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் ரெப்பா, வைஸ் என்ற இருவர் அதே காலத்தில் தனித்தனியாக வேறு வகை இணைப்புகளைச் செய்தார்கள். 1940-இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர விசை வண்டி கேட்டு, அதிலிருந்து ஜீப் பிறந்தபோது, இந்த வகைகள் எல்லாமே முன் ஆக்சிலில் இடம்பிடித்தன. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். அத்தனையும் ஒரே இணைப்பில் ஓடவில்லை, கிடைத்ததைப் போட்டார்கள். அமெரிக்க ஜீப் சிலவற்றின் முன்சக்கரத்துக்குள் பிரெஞ்சு மூளை இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு அல்ப சந்தோஷம்.

இனி அந்த இடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஆக்சிலின் முனை ஒரு இரும்புப் பந்தாக இருக்கும். அதற்குள் இணைப்பு. பந்தின்மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்ததுபோல் இன்னொரு பாகம் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பந்தின்மேல் வழுக்கித் திரும்பும். உள்ளே கிரீஸ். பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூட, அரைவட்டத் தகடுகளில் பிடித்த ஃபெல்ட், அதாவது கம்பளித் துணி அழுத்தியது போன்ற ஒன்று. அதற்கு வெளியே சக்கரக் குடம்; குடத்துக்குள் இரண்டு டேப்பர் பேரிங்; அதன் உட்பக்கம் ஒரு ஆயில் சீல்; வெளிப்பக்கம் ஆறு போல்ட்டில் ஒரு மூடி, அடியில் காகித கேஸ்கெட். தண்ணீருக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது இவ்வளவுதான்.

இந்த சீல்கள் எல்லாம் முதலில் கிரீஸை உள்ளே வைத்திருக்கச் செய்தவை. சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும். உள்ளேயிருந்து அழுத்தினால் இன்னும் இறுகும். வெளியேயிருந்து அழுத்தினால் விலகிக் கொடுக்கும்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குபவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். இவர் இந்தோசீனாவில் ஜீப் ஓட்டியவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் வயலும் வாய்க்காலும் சேறுமாகக் கதை வரும். ஒருநாள், "தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும் தெரியுமா?" என்றார். வேகமாகப் போக வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, "லேஸ் ரெஃப்ருவாதீர். ஆற விடு. ஒரு சிகரெட்டு முடியற வரைக்கும் ஆற விடு" என்றார்.

அப்போது அதைச் சிகரெட்டு பிடிக்க ஒரு சாக்கு என்றே நினைத்தேன். காரணம் பின்னால்தான் தெரிந்தது. ஓடி வந்த வண்டியின் குடம் பிரேக் சூட்டிலும் பேரிங் சூட்டிலும் கொதித்துக் கிடக்கும். உள்ளே உள்ள காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, சீலின் உதட்டை விலக்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். வைத்தியர் ஊசிக் குழாயில் மருந்து இழுப்பது போலத்தான். ஆக்சிலின்மேல் மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன வால்வு உண்டு. அது சேற்றில் அடைத்துக்கொண்டால் ஆக்சிலும் தன் மூச்சை இந்த சீல்கள் வழியாகவே இழுக்கும். பிற்காலத்தில் அந்த இடத்தில் ரப்பர் குழாய் மாட்டி உயரே கொண்டுபோய்க் கட்டினார்கள்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்யும் என்பது கிரீஸைப் பொறுத்தது. அந்தக் காலத்தில் சுண்ணாம்புச் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. சோடாச் சோப்பில் செய்தது சூட்டைத் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் சோப்பாகவே குழைந்துவிடும். சக்கரப் பேரிங் சூடாகும் இடம் என்பதால் அதற்கு சோடா வகையையே வைத்தார்கள். 1942-இல் கிளாரன்ஸ் எர்ல் என்ற அமெரிக்கர் லித்தியம் கிரீஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அது இரண்டையும் தாங்கியது. அது சாதாரணப் பட்டறைக்கு வந்து சேர வருஷக்கணக்கானது.

1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய வண்டிகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். என்ஜினுக்குக் காற்று போகவும் புகை வெளியேறவும் உயரக் குழாய் வைத்து, மின்சாரப் பாகங்களில் எல்லாம் களிம்பு பூசி இறக்கினார்கள். படங்களில் தெரிவது அதுதான். படத்தில் வராத வேலை அதன் பிறகு. கரையேறியதும் களிம்பைச் சுரண்டி எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் மூழ்கிய சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைக் கழுவி, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே வராது என்று ராணுவமே நம்பவில்லை. வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

போர் முடிந்து சில வருஷங்களில் அதே ஜீப் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வழியாக இங்கேயும் வந்தது. பந்து, கிண்ணம், ஃபெல்ட், ஆறு போல்ட்டு எல்லாம் அப்படியே. எங்கள் அலுவலகத்திலும் ஒன்று நின்றது.

1977. எனக்கு 26 வயது. ஸ்டோர்ஸ் கோப்புகள் என் மேஜையில். ஆகஸ்ட் மாதம் டிரைவர் ஒரு இண்டெண்ட் கொடுத்தார்: முன்சக்கரத்துக்கு ஆயில் சீல் இரண்டு, ஃபெல்ட் ஒரு செட், கிரீஸ் இரண்டு டின். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வந்ததே அந்த வருஷம்தான். அந்தப் பெருமையில் ஷெட்டுக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. "முன்சக்கரங்களில் கசிவு ஏதும் காணப்படவில்லை, சென்ற ஆண்டே மாற்றப்பட்டுள்ளது, இப்போது அவசியமில்லை" என்று எழுதி மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. "மழைக்கு முன்னாடி போட்டா நல்லது தம்பி" என்றதோடு சரி.

நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரை கடந்தது. காரைக்கால் பக்கம் பலத்த சேதம். எங்கள் ஜீப்பில் பால்பவுடரும் மருந்தும் ஏற்றி அனுப்பினார்கள். கடலூர், சிதம்பரம் வழியாகப் போக வேண்டும். பல இடத்தில் சாலைமேல் தண்ணீர். முழங்கால் அளவு, சில இடத்தில் அதற்கும் மேல். சீர்காழி தாண்டியதும் இடது முன்சக்கரம் அலறி, புகைந்து, இறுகி நின்றுவிட்டது. அந்த இடத்தில் ஆளும் இல்லை, பட்டறையும் இல்லை. சரக்கை மறுநாள் மத்தியானம் வந்த ஒரு லாரியில் மாற்றினார்கள். மருந்து ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு நாளில் அங்கே யாருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

நாலு நாள் கழித்து டிரைவர் வந்தார். கையில் ஒரு காகிதம். அதில் பால் அதிகம் விட்ட காப்பி நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. குடத்துக்குள்ளிருந்து எடுத்த கிரீஸ். கூடவே பேரிங்கும் இருந்தது. உருளைகள் எல்லாம் துருப் பிடித்துப் பொத்தல் விழுந்திருந்தன.

"ஒரு நாள் தண்ணியில துரு இப்படித் திங்காது தம்பி. இது ஆடி மழையில பாகூர் பக்கம் வாய்க்கால்ல எறங்கினதுலேருந்து உள்ள கெடந்த தண்ணி."

"வெளியில கசிவே இல்லையேண்ணே" என்றேன்.

"வெளிய வரலைதான். உள்ள போறது வெளிய தெரியுமா?"

கசிகிறதா என்று பார்த்த எனக்கு, உறிஞ்சுகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. சொல்தா சொன்னதும் அன்றைக்குத்தான் விளங்கியது. அவரிடம் போய்ச் சொன்னேன். "அதான் ஆற விடச் சொன்னேன்" என்றார். புயல் நேரத்தில் சிகரெட்டு முடியும்வரை யார் நிற்பார்கள்? டிரைவர் நின்றிருக்க முடியாது. சீல் நன்றாக இருந்திருந்தால் போதும்.

இப்போது வருகிற வண்டிகளில் பேரிங்கும் சீலும் ஒன்றாக அடைத்த கட்டாகவே வருகிறது. கழற்றிக் கிரீஸ் அடைக்கும் வேலையே இல்லை, போனால் மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உறிஞ்சுவது மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆழத் தண்ணீரில் இறங்கி வந்தால், அந்த வாரமே ஒரு பக்க மூடியையாவது கழற்றிக் கிரீஸின் நிறத்தைப் பாருங்கள்.

அந்தக் காகிதத்தைக் கோப்பில் என் குறிப்புக்கு அடுத்த பக்கமாக நானே குத்தி வைத்தேன். அதற்குப் பிறகு மழைக்கு முன் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை சீலுக்கு இண்டெண்ட் வரும், அன்றே அனுப்பிவிடுவேன். இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர், ஒரே ஜீப்புக்கு ஒரு வருஷத்தில் இத்தனை ஆயில் சீலா என்று ஆட்சேபணை எழுதினார். பென்சிலால் குடத்தின் படம் வரைந்து, இரண்டு பக்கம் பதில் எழுதி, அந்தக் காகிதம் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கிரீஸ் அதற்குள் காய்ந்து, கறை இரண்டு பக்கத்துக்கும் ஊறியிருந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்சேபணையை நீக்கினார்.