பழைய டீசல் சரக்கு வாகனங்கள்: பழுதாகும் முன் தரும் எச்சரிக்கைகள் என்னென்ன?

கொல்கத்தா: கொல்கத்தாவின் படா பஜார், போஸ்தா, சியால்தா கோலே மார்க்கெட் போன்ற மொத்த வணிகச் சந்தைகளில் இருந்து சரக்கைக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் சிறிய டீசல் சரக்கு வாகனங்களே. நகரின் பல சாலைகளில் பகல் நேரத்தில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இவற்றின் மீதான சுமை அதிகம். உரிமையாளரே ஓட்டுநராகவும் இருக்கும் வண்டிகள் இவற்றில் கணிசம். அத்தகைய குடும்பங்களுக்கு இன்ஜின் ஒருமுறை பழுதாகி நின்றாலே பல நாள் வருவாய் போய்விடும்.

டீசல் இன்ஜின் எந்த முன்னறிவிப்பும் இன்றி நின்றுபோவது அரிது. புகை, ஓசை, வாசனை, வெப்பமானி முள் ஆகியவற்றின் மூலம் பல வாரங்களுக்கு முன்பே அது எச்சரிக்கிறது. அந்த அறிகுறிகளைப் புரிந்துகொள்ள உதவும் விவரங்கள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

வயது வரம்பு சொல்வது என்ன?

1993 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் பதிவான வணிக வாகனங்களை கொல்கத்தா பெருநகரப் பகுதியில் இருந்து விலக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. 2009 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது முதல் 15 ஆண்டு என்பதே இந்நகர வணிக வாகனங்களின் வயது வரம்பாக அறியப்படுகிறது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வும், கொல்கத்தா மற்றும் ஹவுராவில் 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை ஆறு மாதங்களுக்குள் அகற்றுமாறு உத்தரவிட்டது.

எனினும், வயது மட்டுமே ஒரு வண்டியின் நிலையை முழுமையாகச் சொல்லிவிடாது. முறையான பராமரிப்புடன் 12 ஆண்டுகள் ஓடிய வண்டி சீராக இயங்கலாம். அதிகச் சுமை ஏற்றி, ஆயில் மாற்றாமல் ஓட்டப்பட்ட வண்டி ஆறாவது ஆண்டிலேயே புகை கக்கலாம்.

1986-இல் அறிமுகமான டாடா 407, 2005-இல் வந்த டாடா ஏஸ் ஆகியவை இந்த வகை வாகனங்களில் பரவலாக அறியப்பட்டவை. பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடோர் வேன் தயாரிப்பு நின்று ஆண்டுகள் பல ஆகியும், கொல்கத்தாவில் சிறு லாரிகளை 'மெட்டடோர்' என்றே அழைக்கும் வழக்கம் நீடிக்கிறது. துர்கா சிலைகள் ஊர்வலமாகச் செல்வதும் பெரும்பாலும் இத்தகைய வண்டிகளில்தான்.

புகையின் நிறம்

பெட்ரோல் இன்ஜினைப் போல டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று கடுமையாக அழுத்தப்பட்டு 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. எனவே அழுத்தம், காற்று, எரிபொருள் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் அது முதலில் புகையில் தெரியும்.

கரும்புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். அடைபட்ட ஏர் ஃபில்டர், டீசலைத் தூவாமல் சொட்டவிடும் நாசில், டர்போ குழாயில் கசிவு, அளவுக்கு மீறிய சுமை ஆகியவை காரணங்கள். முதலில் பார்க்க வேண்டியது, குறைந்த செலவில் மாற்றக்கூடிய ஏர் ஃபில்டரைத்தான்.

நீலப்புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்குகள், வால்வு சீல்கள் அல்லது டர்போ சீல் தேய்ந்திருக்கலாம்.

வெண்புகை: குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் கவலையில்லை. கண் எரிச்சலுடன் தொடர்ந்தால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. அழுத்தக் குறைவோ, இன்ஜெக்ஷன் பம்பின் டைமிங் பிசகோ காரணமாகலாம். இனிப்பான வாசனையுடன் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதடைந்திருக்க வாய்ப்புண்டு.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பாரத் ஸ்டேஜ்-4க்கு முந்தைய டீசல் வாகனங்களுக்குப் புகை அடர்த்தி வரம்பு மீட்டருக்கு 2.45 அலகு, பாரத் ஸ்டேஜ்-4 வாகனங்களுக்கு 1.62. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தொடர்ந்து கரும்புகை விடும் வண்டி, புகைப் பரிசோதனையில் தேறுவது கடினம்.

கிளம்ப மறுக்கும் இன்ஜின்

காலையில் வண்டி கிளம்பாவிட்டால் பெரும்பாலோர் பேட்டரியைத்தான் குறை கூறுவர். செல்ஃப் மோட்டார் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை எனில், சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எரிபொருள் குழாயில் நுண்ணிய விரிசல் இருந்தால், இரவில் காற்று புகுந்துவிடும். கை பம்பை இயக்கி, காற்று வெளியேறும் திருகின் வழியே குமிழியற்ற டீசல் வரும்வரை காற்றை நீக்க வேண்டும். ஆனால், தினமும் இதைச் செய்யும் நிலை வந்தால், கசியும் குழாயையோ வாஷரையோ மாற்றுவதே தீர்வு.

பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருந்தாலும் குளிர்ந்த நிலையில் இன்ஜின் பிடிக்காது. இதை அறிய எளிய சோதனை உண்டு. இன்ஜின் நிதானமாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்தால், அங்கிருந்து விடாமல் புகை குபுகுபுவென வெளிவரும். எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து கீழிறங்குகிறது என்பதற்கு அது சான்று.

டீசலில் கலக்கும் நீர்

தொட்டி பாதி காலியாக இருந்தால், ஈரக்காற்றில் உள்ள நீராவி இரவில் அதனுள் படிந்து நீராகிறது. கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரத்தில், அதுவும் மழைக்காலத்தில், இது தவிர்க்க முடியாதது. அந்த நீர் இன்ஜெக்ஷன் பம்பையும் நாசில்களையும் துருப்பிடிக்க வைக்கும். இவ்விரு பாகங்களுக்கும் மசகு டீசல்தான். மண்ணெண்ணெய் கலந்த டீசலில் அந்த வழவழப்பு குறைவதால், பம்ப் விரைவில் தேய்கிறது. ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றுவதும், இரவில் தொட்டியை நிரப்பி வைப்பதும் செலவில்லாத தற்காப்பு.

பழைய இன்ஜின்களில், எந்த நாசில் பழுது என்பதை அறிய மெக்கானிக்குகள் ஒவ்வொரு டீசல் குழாயின் நட்டையும் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் இன்ஜின்களில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது. அதன் குழாய்களில் உள்ள டீசல், தோலைத் துளைத்து உடலுக்குள் செல்லும் அளவுக்கு அழுத்தம் கொண்டது.

சூடேறும் இன்ஜின்

நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ரேடியேட்டர் விசிறியையே அது நம்பியுள்ளது. தளர்ந்த விசிறி பெல்ட், தூசி அடைத்த ரேடியேட்டர் ஆகியவை வெப்பமானி முள்ளை மேலேற்றும். கூலன்ட்டுக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால், அதிலுள்ள உப்புகள் இன்ஜினின் உட்புற நீர்வழிகளில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும்.

சூடேறும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. இதனால் இன்ஜின் உரிய வெப்பநிலையை எட்டத் தாமதமாகும். எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். பழுதான தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது பொருத்துவதே முறை. ஆயில் அளவுக்கோலில் பாலாடை போன்ற வெண்படலம் தெரிந்தால், ஆயிலில் நீர் கலந்துள்ளது; வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

பிரேக்கும் பெல்ட்டும்

உயிருக்கு நேரடியாக ஆபத்து விளைவிப்பது பிரேக் பழுதே. பெட்ரோல் இன்ஜினில் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் இன்ஜினிலேயே உருவாகிவிடும். டீசல் இன்ஜினில் அதற்கெனத் தனி வெற்றிட பம்ப் தேவை. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் மின்னேற்றம் நிற்பதோடு, பிரேக் துணையும் சிறிது நேரத்தில் இல்லாமல் போகும். பெடலை மிதிக்கப் பல மடங்கு வலு தேவைப்படும். எனவே, பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை மின்கோளாறு என்று மட்டும் கருதி ஓட்டிச் செல்லக்கூடாது.

பிரேக் துணையைச் சோதிக்க ஒரு வழி: இன்ஜினை நிறுத்திய நிலையில் பெடல் இறுகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பின்னர் பெடலை அழுத்தியபடியே இன்ஜினைக் கிளப்பினால், பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிட பம்ப், குழாய் அல்லது பூஸ்டரில் பழுது இருக்கிறது.

அளவுக்கு மீறிய சுமையால் பட்டை ஸ்பிரிங்குகள் முறிவதும், முன்சக்கர கிங் பின் தேய்ந்து ஸ்டியரிங் ஆடுவதும், அரைகுறையாக கிளட்ச் மிதித்தே ஓட்டுவதால் கிளட்ச் பிளேட் எரிவதும் நகரச் சரக்கு வண்டிகளில் வழக்கமான பழுதுகள்.

தேங்கிய நீரில் செல்லலாமா?

2025 செப்டம்பர் 23-ஆம் தேதி, துர்கா பூஜைக்குச் சில நாட்களே இருந்த நிலையில், கொல்கத்தாவில் கொட்டித் தீர்த்த மழையில் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. இத்தகைய வெள்ளத்தில் காற்று உள்ளிழுக்கும் குழாய் வரை நீர் எட்டினால், சிலிண்டருக்குள் நீர் புகும். காற்றைப் போல நீரை அழுத்த முடியாது என்பதால், மேலேறும் பிஸ்டன் தடைபட்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் கிளப்ப முயல்வது சேதத்தை அதிகரிக்கும். வெள்ளத்தில் சென்று வந்த பின்னர் கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில்களின் நிறம் பால்போல் மாறியுள்ளதா எனவும், சக்கர பேரிங்குகளில் கிரீஸ் கழுவப்பட்டுள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பியும் நிற்காத இன்ஜின்

டர்போ சீல் முற்றிலும் பழுதானால், இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு கட்டுப்பாடின்றி வேகமெடுக்கக்கூடும். அப்போது டீசலை நிறுத்தியும் பயனில்லை. நிற்கும் வண்டி எனில், பிரேக்கை முழுவதும் அழுத்தி, உயர் கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். காற்று வழியைக் கையால் அடைக்க முயல்வது விரல்களுக்கு ஆபத்து. நீலப்புகையை அலட்சியப்படுத்துவதன் உச்சகட்ட விளைவு இதுவே.

வாங்குவோர் கவனத்துக்கு

பயன்படுத்திய வண்டியை வாங்குவோர், இன்ஜின் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கச் செல்லும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், வேறொரு நாள் காலையில் செல்வது நல்லது. சேஸிஸின் அடிப்பகுதித் துரு, வெல்டிங் தடயங்கள், ஆயில் கசிவு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மல்லிக் பஜார் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கதவு, கண்ணாடி போன்றவற்றை வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களைப் புதிதாக வாங்குவதே பாதுகாப்பு.

எட்டு ஆண்டுகளைக் கடந்த வணிக வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். 2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தொடங்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கையின்படி, பழைய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஒப்படைத்துப் பெறும் சான்றைக் காட்டினால், புதிய வணிக வாகனத்துக்கான சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை அளிக்க மாநிலங்களுக்கு வழியுண்டு. பெரும் பழுதுக்குச் செலவிடும் முன், வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓட அனுமதி உள்ளது என்பதைக் கணக்கிடுவது அவசியம். ஓராண்டே எஞ்சியுள்ள வண்டிக்கு இன்ஜினை முழுமையாகப் பிரித்து வேலை பார்ப்பது, போட்ட பணத்தை மீட்டுத் தராது. ஆனால், பிரேக் பழுதுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வண்டி சாலையில் ஓடும் கடைசி நாள் வரை அது சரியாக இருந்தாக வேண்டும்.